சுகேமென்: ஆறிப்போகும் குழம்புக்காக வரிசையில் நிற்கலாமா?

2023 நவம்பர் 18

வாசகர் ஒருவரின் கேள்வியை அப்படியே தருகிறேன். “அலுவலக வேலையாக டோக்கியோ வந்தவன், எல்லோரும் சொல்கிறார்களே என்று 50 நிமிடம் வரிசையில் நின்று சுகேமென் சாப்பிட்டேன். நூடுல்ஸ் ஜில்லென்று வந்தது. தனிக் கிண்ணத்தில் வந்த குழம்பு முதலில் கொதித்தாலும் பாதிச் சாப்பாட்டிலேயே ஆறிவிட்டது. ஒரு வாய் குடித்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது. சூடான ராமெனை இரண்டாகப் பிரித்து ஆறவைத்துச் சாப்பிடுவதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?”

2023 நவம்பர் 18, இரவு

ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவது வேறு, தொட்டுக்கொண்டு சாப்பிடுவது வேறு என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ராமென் முதல் வகையைச் சேர்ந்தது; சூப்பும் நூடுல்ஸும் ஒரே கிண்ணத்தில் கிடந்து ஒன்றையொன்று மாற்றிக்கொள்ளும். சுகேமென் இரண்டாம் வகை. ‘சுகே’ என்பது தோய்ப்பதைக் குறிக்கும், ‘மென்’ என்றால் நூடுல்ஸ். தொட்டுக்கொள்வதற்கென்று செய்தது உப்பும் காரமும் தூக்கலாகத்தான் இருக்கும். துவையலை யாரும் கிண்ணத்தோடு எடுத்து வாயில் கவிழ்த்துக்கொள்வதில்லை. அதனால்தான் இதைச் சூப் என்று எழுதாமல் குழம்பு என்றே எழுதுகிறேன்.

நூடுல்ஸ் குளிர்ந்திருப்பது கவனக்குறைவால் நேர்ந்ததும் அல்ல. தடித்த நூடுல்ஸைப் பத்து நிமிடம் வரையிலும், சில கடைகளில் அதற்கும் மேலாகவும் வேகவைத்து, உடனே ஓடும் நீரில் கையால் தேய்த்துக் கழுவுகிறார்கள். மேலே படிந்த மாவுப் பசை போய்விடுகிறது, வேகுவது அந்தக் கணத்திலேயே நின்றுவிடுகிறது, தளர்ந்திருந்த இழை இறுகிக்கொள்கிறது. பல்லில் பட்டதும் முதலில் இணங்கி, பிறகு ஒரு நொடி எதிர்த்து, அதன் பின்னரே அறுபடும் அந்தப் பதத்தைச் சூடான சூப்புக்குள் கிடக்கும் நூடுல்ஸிடம் எதிர்பார்க்க முடியாது. சுகேமெனில் நூடுல்ஸ்தான் சோறு, குழம்பு அதற்குத் துணை. துணையைத் தலைவனாக எண்ணிச் சாப்பிட்டதால் உங்களுக்கு ஏமாற்றம் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

உப்பைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். நூடுல்ஸ் தீர்ந்த பிறகு ‘சூப் வாரி’ கேட்டீர்களா?

2023 நவம்பர் 19

கேட்கவில்லை, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்று பதில் எழுதியிருக்கிறார். பாதி விருந்தில் எழுந்து வந்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். மிஞ்சிய குழம்போடு கிண்ணத்தைக் கவுண்டர் மேல் வைத்து ‘சூப் வாரி’ என்று சொன்னால், உப்பில்லாத சூடான சாற்றை ஊற்றித் தருவார்கள். ‘வாரி’ என்பது நீர்க்கச் செய்வது. சோபா கடைகளில் பக்வீட் மாவு நூடுல்ஸ் வெந்த நீரைத் தொடுசாற்றில் கலந்து குடிக்கும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. அதுவே இங்கே வேறு உருவில் வந்திருக்கிறது. தொட்டுக்கொள்ளும் குழம்பு குடிக்கும் சூப்பாக மாறுவது அந்த ஒரு கரண்டியில்தான்.

இந்த உணவை உருவாக்கியவர் யாமகிஷி கஸுவோ. 1934இல் பிறந்த இவர், 1961இல் டோக்கியோவின் ஹிகாஷி இகெபுகுரோ பகுதியில் தாய்ஷோகென் என்ற கடையைத் திறந்தபோது இது பிறந்தது.

2023 நவம்பர் 20

நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். 1961 அவர் தம் சொந்தக் கடையைத் திறந்த ஆண்டு. உணவு அதற்கு முன்பே, 1955இல், அவர் வேலை பார்த்த, நகானோ பகுதியில் அதே பெயரில் இருந்த தாய்ஷோகெனில் விற்பனைக்கு வந்துவிட்டது. வடிகூடையில் ஒட்டிக்கொண்டு மிஞ்சும் நூடுல்ஸை வேலையாட்கள் சேர்த்து வைத்து, சூப்பும் சோயா சாஸும் கலந்த கோப்பையில் தோய்த்துத் தங்கள் பசிக்குச் சாப்பிட்டு வந்தார்கள். அதைப் பார்த்த வாடிக்கையாளர் ஒருவர் தமக்கும் வேண்டும் என்று கேட்டதாக வரலாறு. ராமென் 35 யென்னுக்கு விற்ற காலத்தில் இதற்கு 40 யென் விலை வைத்தார்கள். பெயரும் அப்போது சுகேமென் அல்ல, ‘மோரிசோபா’. சுகேமென் என்ற பெயர் பரவியது 1970களில், அப்பெயரைத் தாங்கி வந்த ஒரு தொடர்க்கடையின் வழியாக.

மிஞ்சியதைத் தின்ற கைகள் கண்டுபிடித்த உணவு என்பதை நான் விட்டுவிட்டு எழுதியது தேதிப் பிழையை விடப் பெரிய பிழை.

2023 நவம்பர் 25

வாசகரின் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டே இன்று ஷின்ஜுகு நிலையத்துக்குத் தெற்கே இருக்கும் ஃபூன்ஜி என்ற சுகேமென் கடைக்குப் போனேன். பத்துப் பதினைந்து பேர் அமரும் கவுண்டர்தான் முழுக் கடையும். சாப்பிடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் சுவரை ஒட்டி அடுத்து உட்காரப் போகிறவர்கள் நிற்கிறார்கள். யாரும் யாரையும் அவசரப்படுத்துவதில்லை, ஆனால் யாரும் கதை பேசிக்கொண்டும் உட்கார்ந்திருப்பதில்லை. டிக்கெட் இயந்திரத்தில் பணத்தைப் போட்டுச் சீட்டை எடுத்து, உட்கார்ந்ததும் கவுண்டர் மேல் வைத்தால் போதும். அதன் பிறகு பேச்சே தேவையில்லை.

நான் நின்ற இடத்திலிருந்து சமையல்காரரின் கைகள் நன்றாகத் தெரிந்தன. அகன்ற பாத்திரத்தில் புரண்டுகொண்டிருந்த நூடுல்ஸை அள்ளித் தொட்டியில் போட்டு, துணி கசக்குவதுபோல ஆனால் இழை அறாமல் கழுவினார். கழுவிய நீர் முதலில் வெண்மையாக இருந்தது, பிறகு தெளிந்தது. நீரை ஒரு சொட்டும் தங்காமல் உதறி, கிண்ணத்தில் ஒரே திசையில் மடித்து வைத்தார். இழைகள் பக்கவாட்டில் சாய்ந்து, மேல் வெளிச்சத்தில் ஈரம் மின்ன, வாரி முடித்த கூந்தல்போல இருந்தன.

குழம்பு கொதித்துக்கொண்டே வந்தது. கோழியை நெடுநேரம் வேகவைத்து வெளுத்துக் கெட்டியான சாறு, அதன் நடுவில் மீன் பொடி ஒரு சிறு மேடு. முதலில் நூடுல்ஸை மட்டும் இரண்டு இழை எடுத்து எதிலும் தோய்க்காமல் மென்று பார்த்தேன். கோதுமையின் இனிப்பு மெல்லமாகத்தான் வருகிறது, ஆனால் வந்தபின் நாக்கில் நின்றுவிடுகிறது. பிறகு நுனியை மட்டும் தோய்த்தேன். மீன் பொடியைக் கலக்காமல் விட்டிருந்ததால் ஒவ்வொரு வாயும் வேறுவேறாக இருந்தது. ஒரு வாய் கோழிச் சாறாகவும், அடுத்தது கருவாட்டு மணமாகவும், மூன்றாவது இரண்டும் கலந்ததாகவும்.

சரியாகப் பன்னிரண்டு நிமிடத்தில் சாப்பிட்டு முடித்தேன். குழம்பு கடைசி வரை சூடாகவே இருந்தது. ஆகவே, ஆறிவிட்டது என்ற குற்றச்சாட்டை மெதுவாகச் சாப்பிட்டதன் விளைவு என்றே இப்போதைக்குக் கருதுகிறேன்.

2023 டிசம்பர் 2

கருவாட்டு மணம் என்று எழுதியதைச் சிலர் பழிச்சொல்லாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் எழுதியது பாராட்டு. இந்தக் குழம்பின் அடித்தளமே உலர்ந்த மீன்தான். நிபோஷி என்பது வேகவைத்து உலர்த்திய நெத்திலி இனத்துச் சிறு மீன். கத்ஸுவோபுஷி என்பது சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டி, கட்டைபோல ஆகும்வரை உலர்த்தியது. இலங்கைச் சமையலில் இடித்துப் போடும் மாசிக் கருவாடும் அதே சூரை மீனிலிருந்து கிட்டத்தட்ட அதே வழியில் செய்யப்படுவதுதான். சம்பலில் மாசித் தூள் செய்கிற வேலையை இங்கே மேலே தூவும் மீன் பொடி செய்கிறது. மாசி தெரிந்த நாக்குக்குச் சுகேமென் அந்நிய உணவே அல்ல.

இந்தக் கெட்டியான பாணி பழையதல்ல. பன்றி எலும்புச் சாற்றையும் மீன் சாற்றையும் சேர்த்துக் காய்ச்சி, மீன் பொடியும் போட்டுத் தடித்த நூடுல்ஸோடு தரும் வழக்கம் 2000க்குப் பிறகுதான் பெரிய அலையாக எழுந்தது. 2005இல் ஓசாகி பகுதியில் திறந்த ரொகுரின்ஷா அந்த அலையின் முகமாகவே ஆகிவிட்டது. அங்கே ஒரு சதுரக் கடற்பாசித் தாள் குழம்பின்மேல் தெப்பம்போல மிதக்கும், அதன்மேல் மீன் பொடி குவிந்திருக்கும். தாள் நனைந்து ஒரு பக்கம் தாழ, பொடி கொஞ்சம் கொஞ்சமாகக் குழம்பில் சரிவதை நான் ஒவ்வொரு முறையும் சாப்பிடாமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். ஓசாகிக் கடையின் வரிசை அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையாகும் அளவுக்கு நீண்டதால் அதை 2010இல் மூடிவிட்டார்கள். 2009இல் டோக்கியோ நிலையத்தின் நிலவறைத் தெருவில் திறந்த கிளை தொடர்கிறது.

2023 டிசம்பர் 3

சைவ வாசகர்களுக்கு: மேலே காய்கறி மட்டுமே தெரிந்தாலும் குழம்பில் மீன், கோழி, பன்றி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருக்கும், பெரும்பாலும் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும். டோக்கியோ நிலையத்தின் வாயில்களுக்கு உள்ளே இருக்கும் டீஸ் தான்தான் என்ற கடை முற்றிலும் தாவர உணவு. அங்கே எள்ளுக் குழம்பு ராமென் கிடைக்கும்.

2024 ஜனவரி 13

அளவு பற்றிக் கேட்டிருந்தார்கள். கடைப் பலகையில் கிராம் கணக்கு எழுதியிருந்தால், அது வேகுமுன் உள்ள எடையா வெந்தபின் உள்ள எடையா என்பதை முதலில் பாருங்கள். ராமெனில் வேகுமுன் 130, 150 கிராம் அளவில் இருக்கும் நூடுல்ஸ், சுகேமெனில் 200 கிராமுக்கு மேல் போவது சாதாரணம். பெரிய அளவுக்கும் அதே விலை என்று சில கடைகள் சொல்வதால் கை தானாக அந்தப் பொத்தானுக்குப் போகும்.

போன வாரம் வேறொரு கடையில் பலகையில் 400 கிராம் என்று மட்டுமே இருந்தது. எந்த எடை என்று இல்லை. வெந்த எடை என்று நம்பிச் சீட்டை எடுத்தேன். வந்தது வேகுமுன் 400 கிராம். வெந்தால் அது ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காகிவிடும். மூன்றில் ஒரு பங்கு அப்படியே மிஞ்சியது. காத்திருப்பவர்கள் பின்னால் நிற்க, ஒருவர் கையால் கழுவி மடித்து வைத்த உணவை விட்டுவிட்டு எழுந்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது. இரண்டு எடைகளையும் பலகையில் எழுத ஒரு வரி போதும். எழுதாத கடைகள் எழுத வேண்டும்.

இழையின் தடிமனுக்கு இந்தத் தொழிலில் ஓர் அழகான கணக்கு உண்டு. 30 மில்லிமீட்டர் அகல மாவுத் தகட்டை எத்தனை இழையாக வெட்டுகிறார்களோ அதுவே வெட்டுக் கத்தியின் எண். 10 என்றால் ஓர் இழை 3 மில்லிமீட்டர், 20 என்றால் ஒன்றரை. எண் கூடக்கூட இழை மெலியும். கெட்டிக் குழம்புச் சுகேமெனுக்கு 12, 14, 16 போன்ற எண்கள் வழக்கம். அந்த 400 கிராம் கடையில் வந்த நூடுல்ஸ் எந்த எண் என்று கேட்கும் நிலையில் அன்று நான் இல்லை.

2024 பிப்ரவரி 10

நவம்பர் 25 குறிப்பின் கடைசிப் பத்தியைத் திரும்பப் பெறுகிறேன். வாசகர் சொன்னது சரி.

இன்று கடும் குளிர். கெட்டிக் குழம்புக்குப் பேர்போன ஒரு கடையில், நண்பர் ஒருவரோடு, சாதாரண வேகத்தில் சாப்பிட்டேன். எட்டாவது நிமிடத்தில் குழம்பு வெதுவெதுப்பாகிவிட்டது. பதினைந்தாவது நிமிடத்தில் மேலே கொழுப்பு ஆடைபோலப் படர ஆரம்பித்தது. குளிர்ந்த நூடுல்ஸ் ஒவ்வொரு முறை தோயும்போதும் கொஞ்சம் சூட்டை எடுத்துக்கொள்கிறது, கிண்ணமோ சிறியது. எலும்பிலிருந்து இறங்கிய கொழுப்பும் பசையும் நிறைந்த குழம்பு, சூடு குறையக் குறைய இறுகி நாக்கில் ஒட்டுகிறது. சூட்டில் தெரியாத உப்பு அப்போது முன்னால் வந்து நிற்கிறது. இதற்குச் சாப்பிடுகிறவரின் வேகத்தைக் குறை சொல்வது நியாயமல்ல. நண்பரோடு உணவுண்ணும் மனிதர் இரண்டு வார்த்தை பேசத்தான் செய்வார்.

கடைக்காரர்களும் இதை அறிவார்கள். சில இடங்களில் சுட்ட கல் ஒன்றைக் குழம்பில் போட்டுத் தருகிறார்கள். சில இடங்களில் கேட்டால் கிண்ணத்தை வாங்கிச் சுடவைத்துத் தருகிறார்கள். கவுண்டரிலேயே மின்னடுப்பு பதித்த கடைகளும் உண்டு. கல்லைப் போட்டதும் குழம்பு ஓசையோடு பொங்கி எழுவது பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் கல்லைத் தொட்ட இடத்தில் மீன் பொடி கருகிக் கசப்பு ஏறிவிடுகிறது என்பது என் அனுபவம்.

‘அத்ஸுமோரி’ கேட்டுப் பார்க்கலாமே என்று இன்னொருவர் எழுதியிருந்தார். கழுவி இறுக்கிய நூடுல்ஸை மறுபடி வெந்நீரில் முக்கிச் சூடாகத் தருவது அது. அதையும் சோதித்தேன். கோதுமை மணம் கூடுகிறது, குழம்பும் ஆறுவதில்லை. ஆனால் இழைகள் ஐந்தே நிமிடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. எதற்காக இவ்வளவு பாடுபட்டுக் கழுவினார்களோ அது போய்விட்டது. இந்தப் பரிமாற்றம் எனக்கு ஒப்பவில்லை.

2024 பிப்ரவரி 12

சின்னக் குறிப்பு. நூடுல்ஸ் மேல் வைத்துத் தரும் குளிர்ந்த இறைச்சித் துண்டையும் முட்டையையும் முதலிலேயே குழம்பில் போடாதீர்கள். சூட்டை மொத்தமாக விழுங்குபவை அவைதான். ஒரு வாய்க்கு வேண்டிய நாலைந்து இழைகளை மட்டும் எடுத்து, மூன்றில் ஒரு பங்கைத் தோய்த்து உறிஞ்சுங்கள். உறிஞ்சும் ஓசைக்கு இங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. குழம்பு தெறிக்கும் என்பதால் காகித ஏப்ரன் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

2024 ஏப்ரல் 6

யாமகிஷி 2015 ஏப்ரல் 1 அன்று காலமானார். அந்த நாளை ஒட்டி, பல ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டு வந்த ஹிகாஷி இகெபுகுரோ தாய்ஷோகெனுக்கு இன்று போனேன். 1961இல் திறந்த பழைய கடை அந்தப் பகுதியின் மறுசீரமைப்புக்காக 2007 மார்ச்சில் மூடப்பட்டது. அன்று வாசலில் நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். 2008இல் அருகிலேயே புதிய இடத்தில் அவருடைய சீடர் பொறுப்பில் கடை மீண்டும் திறந்தது. கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் தம் செய்முறையை ஒளிக்காமல் கற்றுக்கொடுத்தவர் அவர். இன்று ஜப்பானின் பல ஊர்களில் தாய்ஷோகென் பெயர் தாங்கிய கடைகளும், அந்த வழியில் வந்து வேறு பெயரில் நடப்பவையும் இருப்பதற்கு அதுவே காரணம்.

மோரிசோபா வந்தது. குழம்பைப் பார்த்ததும் எனக்கு முதலில் ஏமாற்றம்தான், ஏனெனில் அது மெலிதாக, கிண்ணத்தின் அடி மங்கலாகத் தெரியும் அளவுக்கு நீர்த்திருந்தது. மீன் பொடி மேடு இல்லை. மேலே வெங்காயத்தாள், மூங்கில் குருத்து, பாதி முட்டை, பன்றி இறைச்சித் துண்டு, சுழி போட்ட மீன் பிட்டு ஒன்று. நூடுல்ஸ் நான் பழகிய கெட்டித் தடியன் அல்ல. நடுத்தரத் தடிமனில், மிருதுவாக, மஞ்சள் கலந்து, கிண்ணத்தின் விளிம்புவரை இருந்தது.

முதல் வாயில் புளிப்பு, உடனே இனிப்பு, அதன் பின்னால் லேசான காரம். காடியும் சர்க்கரையும் மிளகாயும் சோயா சாஸோடு சேர்ந்திருந்தன. புளியும் வெல்லமும் காரமும் சேர்ந்த குழம்பில் வளர்ந்த எனக்கு அந்தச் சேர்மானத்தைப் புரிந்துகொள்ள நேரம் ஆகவில்லை. அவசரமே இல்லாமல் சாப்பிட்டேன். பக்கத்தில் ஒரு முதியவர் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டு என்னைவிட மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இருபது நிமிடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது: குழம்பு ஆறியிருந்தது, ஆனால் கெட்டிருக்கவில்லை. இறுகுவதற்கு அதில் கொழுப்பு குறைவு, உப்பு முன்னால் வராமல் புளிப்பு தடுத்துப் பிடித்திருந்தது. வெதுவெதுப்பில் அந்த இனிப்பும் புளிப்பும் முன்பைவிடத் தெளிவாகவே தெரிந்தன. வாசகரும் நானும் நவம்பரிலிருந்து விவாதித்தது சுகேமெனின் இயல்பைப் பற்றி அல்ல, 2000க்குப் பிறகு வந்த கெட்டிக் குழம்பின் இயல்பைப் பற்றி. 1955இல் பிறந்த உணவு, ஆறிப்போவதை முன்கூட்டியே கணக்கில் வைத்துத்தான் காடியைச் சேர்த்ததா என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அதன் சுவை அப்படித்தான் நடந்துகொள்கிறது.

கடைசியில் சூப் வாரி கேட்டேன். ஊற்றியதும் ஆவி எழுந்து கண்ணாடியை மூடியது. துடைத்துக்கொண்டு குடித்தேன். நிபோஷியின் மணம் அதுவரை ஒளிந்திருந்து அப்போதுதான் வெளியே வந்தது.

2024 ஏப்ரல் 7

நேற்றைய குறிப்பைப் படித்த ஒருவர், அப்படியானால் ஹிரோஷிமா பாணியைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். சரியான வார்த்தை. அங்கே மிளகாய் எண்ணெயும் எள்ளும் மிதக்கும் தொடுசாறே குளிர்ச்சியானது. கூடவே வேகவைத்த முட்டைக்கோஸும் வெங்காயத்தாளும் வரும். ஆற அதில் ஒன்றுமில்லை. அண்மைக் காலத்தில் பரவிவரும் இன்னொரு பாணியில், நூடுல்ஸையே கோம்பு கடற்பாசி ஊறிய வழவழப்பான நீரில் மிதக்கவிட்டுத் தருகிறார்கள். முதலில் உப்பு மட்டும் தொட்டுச் சாப்பிடச் சொல்கிறார்கள். நீர் படர்ந்த இழைகள் ஒட்டுவதே இல்லை. அங்கே குழம்பு ஆறும் முன்பே நூடுல்ஸ் பாதி தீர்ந்துவிடுகிறது.

2024 ஜூலை 20

கேள்வி கேட்ட வாசகர் மறுபடியும் டோக்கியோ வந்திருந்தார். இன்று பகல் வெயிலில் இருவரும் ஹிகாஷி இகெபுகுரோவில் வரிசையில் நின்றோம். டிக்கெட் இயந்திரத்தில் அவர் சிறிய அளவையே தேர்ந்தெடுத்தார். முதல் இரண்டு இழைகளைத் தோய்க்காமல் மென்றபோது தலையசைத்தார். பாதியில் நிறுத்தி, தம் மகளின் படிப்பைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். பிறகு குழம்பைத் தொட்டுப் பார்த்து, “ஆறிவிட்டது” என்றார். சொல்லிவிட்டு மிச்சத்தையும் சாப்பிட்டார்.

உப்பு தூக்கல் என்ற கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. தாம் முதல் முறை ஷின்ஜுகுவில் சாப்பிட்ட கெட்டிக் குழம்புக்கு இனி வரிசையில் நிற்க மாட்டாராம். நான் நிற்பேன், ஆனால் தனியாகப் போகும் நாட்களில் மட்டும். எழுந்திருக்கும் முன் அவர் கிண்ணத்தைக் கவுண்டர் மேல் தூக்கி வைத்து, நான் சொல்லித்தராமலே, “சூப் வாரி” என்றார்.